சென்னையில் தறி தேடி நடந்த கதை

(ஆரணியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டத்திற் கணக்கு வாசிக்கப்பட்டபொழுது, கல்வி நிதியினின்றும் பேருந்துக் கூலியாகச் செலவெழுதப்பட்ட ஒரு தொகையைக் குறித்து நம் பெரியவர் ஒருவர் எழுந்து, "பிள்ளைகளுக்கு ஊர் சுற்றிக் காட்டவா நாம் தறிக்கு இவ்வளவென்று நிதி திரட்டினோம்?" என்று வினவினார்கள். வினவியது முறையே. அந்நிதியின் ஒவ்வொரு காசும் யாருடைய கால்மிதியிலிருந்து வந்தது என்பதை அறியாதவன் அல்லன் யான். என் தந்தையார் குழித்தறியில் அமர்ந்துதான் என்னைப் புலவர் வகுப்பிற்கு அனுப்பினார். ஆதலின் அன்று இரண்டு வார்த்தையில் விடை கூறி அமர்ந்துவிட மனம் இசையவில்லை. இன்று ஒரு சொற்பொழிவாகவே கூறுவதற்கு இடங்கேட்டேன். தலைவரவர்கள் அருள் கூர்ந்து இசைந்தார்கள். வினா எழுப்பிய பெரியவர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். முடிவுவரை கேட்டுப் பின் தீர்ப்புச் சொல்லுமாறு அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். சென்ற ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பிள்ளைகள் 31 பேரும், அவர்தம் பெற்றோருள் அறுவரும், யானுமாக விடியுமுன் ஆரணியினின்று புறப்பட்டுச் சென்னைக்குச் சென்றோம். அம்மாதத்தில் அங்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. 1639ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாளைச் சென்னை தோன்றிய நாளெனக் கொண்டு, 2004 முதல் கொண்டாடி வருகிறார்கள். அதில் வாணவேடிக்கையும் ஊர்வலமும் முக்கியமல்ல. காலையில் ஊரை அறிந்த ஒருவர் முன்னே நடக்க, இருபது முப்பது பேர் பின்னே நடந்து, ஒரு தெருவையோ கோயிலையோ கோட்டையையோ நின்று நிதானித்துப் பார்ப்பார்கள். மாலையில் ஏதேனும் ஒரு மண்டபத்திற் கூடிப் பேச்சுக் கேட்பார்கள். தொடங்கியவர் மூவர்: எழுத்தாளர் எஸ். முத்தையா, பத்திரிகையாளர்களாகிய சசி நாயர், வின்சென்ட் டிசௌசா என்போர். முத்தையா இலங்கையிற் பத்திரிகைத் தொழில் புரிந்து, பின்னரே சென்னைக்கு வந்து குடியேறியவர். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர் கண்ணுக்குப் பழகிப்போய் மறைந்தவை, வந்தவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தன போலும். 1981இல் அவர் வெளியிட்ட சென்னை வரலாற்று நூல் பின்னர்ப் பல பதிப்புகள் கண்டது. 2019இல் அவர் காலமானார். நடைகள் நின்றுவிடவில்லை.

எமக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் நல்லறிவாளர். ஜார்ஜ் கோட்டையின் வாயிலில் எம்மைச் சந்தித்து, கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் எந்த ஊர்?" என்றார். ஆரணி என்றதும், "பட்டுச் சேலைக்காரர்களா!" என்று சிரித்தார். 1680இல் திறக்கப்பட்ட மேரி மாதா தேவாலயத்தைக் காட்டினார். அவ்வாண்டிலேயே அதில் மணம்புரிந்துகொண்ட எலிஹு யேல் என்பவர் பின்னாளிற் கோட்டைக்குக் கவர்னராகி, ஊர் திரும்பிய பின் 1718இல் அமெரிக்காவிலிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கை நன்கொடையாக அனுப்பியதையும், அச்சரக்கை விற்ற பணத்திற்கு நன்றியாக அக்கல்லூரி அவர் பெயரைத் தாங்கியதையும் சொன்னார். அப்பொதிகளிற் கலிக்கோத் துணியும் மஸ்லினும் இருந்தனவாம். இன்று உலகமெங்கும் மதிக்கப்பெறும் யேல் பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பின்னே துணி மூட்டை இருக்கிறது என்று கேட்டபொழுது எம் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பின்னர் எம்மைக் கடற்பக்கம் திருப்பி ஒன்று சொன்னார். அதுவே யான் அன்று புதிதாய்க் கற்றது. சென்னை துறைமுகப் பட்டினம் என்று நாம் பள்ளியிற் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அவ்வூர் தோன்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அங்குத் துறைமுகம் என்று ஒன்று இருந்ததே இல்லை. கப்பல்கள் கடலுக்குள் விலகி நங்கூரமிட்டு நிற்கும். ஆணி ஒன்றும் அடியாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில், மீனவர்கள் சரக்கையும் மனிதரையும் ஏற்றி, அலைமேல் அலையாக மோதும் கரையைக் கடந்து கொண்டுசேர்ப்பார்கள். ஆணி அடித்த படகாயின் அம்மோதலிற் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். 1875க்குப் பின்னரே கரையினின்று கடலுக்குள் கற்சுவர் எழுப்பித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881ஆம் ஆண்டு நவம்பர்ப் புயல் அதனையும் உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டவேண்டியதாயிற்று.

கப்பல் நிற்கவே இடமில்லாத கரையை அவ்வாங்கிலேயர் ஏன் தேர்ந்தார்கள்? வழிகாட்டி இவ்வினாவை எழுப்பி, தாமே விடையும் கூறினார். பிரான்சிஸ் டே என்னும் கம்பெனி வணிகர் இக்கரையோரமாக இடந்தேடி வந்தபொழுது, மதராசபட்டினத்துப் பக்கத்தில் நல்ல துணி பிற இடங்களைக் காட்டிலும் நூற்றுக்கு இருபது மலிவாகக் கிடைக்கிறது என்று எழுதினார். தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடம் நிலம் பெற்றதும், 1640 பிப்ரவரியில் ஆண்ட்ரூ கோகனும் டேயும் கப்பலில் வந்திறங்கியதும், கோட்டை எழுந்ததும் எல்லாம் இதன் பின்னேதான். கடலுக்காக அன்று, துணிக்காகவே அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அப்பொழுதுதான் எம்முடன் வந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், வழியெல்லாம் வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தவன், கையை உயர்த்தினான். "ஐயா, இவ்வளவு நேரம் துணி வாங்கினவர்கள் பெயரெல்லாம் சொன்னீர்கள். நெய்தவர்கள் எங்கே இருந்தார்கள்?"

வழிகாட்டி உடனே விடை சொல்லவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதற்கு நாம் கோட்டையை விட்டு வெளியே போகவேண்டும், தம்பி" என்றார். எமது நிகழ்ச்சி நிரலில் அடுத்து இருந்தது கடற்கரை. பிள்ளைகளுக்கு அதில் ஆசை மிகுதி. ஆயினும் அனைவரையும் கேட்டு, கடற்கரையை மாலைக்கு ஒத்திவைத்து, எம் பேருந்திலேயே சிந்தாதிரிப்பேட்டைக்குப் புறப்பட்டோம்.

பேருந்தில் அவர் சொன்னவற்றைச் சுருக்கிச் சொல்லுகிறேன். கோட்டை எழும்பத் தொடங்கியவுடனேயே, அங்கு வந்து குடியேறுவார்க்கு முப்பது ஆண்டுகள் சுங்கவரி இல்லை என்று கம்பெனியார் அறிவித்தார்கள். ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் முந்நூறு நானூறு நெசவாளர் குடும்பங்கள் வந்துவிட்டன. மணலும் உப்பங்கழியுமாய்க் கிடந்த இடம் ஊரானது இவர்களால்தான். நெய்த துணியை வெளுத்துக் கஞ்சியிட்டு மடித்தாலன்றிக் கப்பலேற்ற இயலாது. ஆதலின் வெளுப்போர் வந்தனர். வண்ணாரப்பேட்டை என்னும் பெயர் அவர்தம் நினைவாக நிற்கின்றது. வெளுத்த துணியில் சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் கொண்டு பூவும் கொடியும் தீட்டுவோர் வந்தனர். ஒரு மூட்டைத் துணிக்குப் பின்னே எத்தனை கைகள் என்பது நமக்குச் சொல்லவேண்டியதில்லை. நாம் நெய்வது பட்டு, அவர்கள் நெய்தது பருத்தி என்ற வேற்றுமையே உண்டு. பாவும் ஊடையும் நாடாவும் விழுதும் இரண்டிற்கும் பொது.

1717 முதல் 1720 வரை கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர், நெசவாளரையும் துணியில் ஓவியம் தீட்டுவோரையும் திருவொற்றியூரின் அருகே குடியேற்றினார். அவ்வூர் அவர் பெயரால் காலெட்பேட்டை ஆயிற்று. மக்கள் வாயில் அது காலடிப்பேட்டையாக மாறிற்று. அங்குள்ள கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலைப் பற்றி வழங்கும் கதை ஒன்றுண்டு. காலெட்டின்கீழ்ப் பணிபுரிந்த வீரராகவன் என்னும் பக்தர் நாள்தோறும் காஞ்சிபுரம் சென்று வரதனைச் சேவித்து வருவாராம். ஒருநாள் துரை அவரைச் சோதிக்க எண்ணி, "இப்பொழுது காஞ்சியில் என்ன நடக்கிறது?" என்று கேட்க, அவர் கண்ணை மூடித் தேர் ஓடாமல் நின்றுவிட்டது என்றாராம். விசாரித்ததில் அஃது உண்மையென்று தெரிந்து, துரை அங்கேயே கோயில் கட்ட உதவினாராம். இதை வழிகாட்டி கதையென்றே சொன்னார்; வரலாறென்று சொல்லவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. நாமும் நம் ஊர்க் கோயில்களைப் பற்றிப் பேசும்பொழுது, கேட்டது இது, கல்லிலும் ஏட்டிலும் கண்டது இது என்று பிரித்துச் சொல்லப் பழகவேண்டும். பிரித்துச் சொல்வதால் பக்தி குறைந்துவிடாது.

சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினோம். கூவம் ஆறு மும்மருங்கும் வளைந்தோட, நடுவே தீவு போல் அமைந்த பேட்டை அது. அவ்வாற்றின் இன்றைய நிலையைப் பற்றி யான் வருணிக்கப் போவதில்லை. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள் என்ற அளவில் விடுகிறேன். 1734இல், மார்ட்டன் பிட் என்னும் கவர்னர் காலத்தில், நெசவாளர்க்கென்றே ஒரு பேட்டை அமைக்கவேண்டுமெனக் கம்பெனியார் தீர்மானித்தனர். கம்பெனியின் தலைமை வணிகராயிருந்து அப்பதவியை இழந்திருந்த சுங்குராமச் செட்டியாரின் பெருந்தோட்டத்தை எடுத்துக்கொண்டு, நூற்போர், நெய்வோர், தீட்டுவோர், வெளுப்போர், சாயமிடுவோர் ஆகியோரையும், கோயிற் பணிக்கு வேண்டியவரையும் குடியேற்றினர். ஆதியப்ப நாராயணச் செட்டியார் என்பவர் ஆதிகேசவப் பெருமாளுக்கும் ஆதிபுரீசுவரருக்கும் அடுத்தடுத்துக் கோயில்கள் எடுப்பித்தார். அவ்விரண்டையும் இன்றும் காணலாம். தொழில் நடக்கவேண்டுமாயின் தறி மட்டும் போதாது, தெய்வமும் வேண்டும் என்பதை அக்கம்பெனி வணிகரும் அறிந்திருந்தனர்!

இவ்விடத்தில் தமிழாசிரியனுக்குரிய ஒரு சிறு தொல்லையைக் கொடுக்க அனுமதி வேண்டும். சின்னத்தறிப்பேட்டை என்பதே அப்பெயரின் மூலம் என்பர். அதனைச் சிந்தாதிரி என்று எழுதி எழுதி, வல்லின றகரம் போய் இடையின ரகரம் வந்து குடியேறிவிட்டது. றகரத்தோடு எழுதினால் தறி, நெய்யுங் கருவி. ரகரத்தோடு எழுதினால் தரி, உடுத்துக்கொள் என்னும் ஏவல். நெய்தவன் போய் உடுத்தியவன் நின்றான்! ஒரு புள்ளிக்கும் ஒரு சுழிக்கும் வேற்றுமை பாராட்டுவது பண்டிதர் வேலை என்று நகைப்போர் உண்டு. பேட்டையில் ஒரு கோயில் வாயிலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரை எம் பிள்ளைகள் அணுகி, "தாத்தா, இந்தப் பேட்டைக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்டார்கள். "சிந்தாமணி போல ஏதோ சாமி பெயராக இருக்கும், கண்ணு" என்றார் அவர். எழுபது ஆண்டு அங்கேயே வாழ்ந்தவர். அவரைக் குறை சொல்ல யான் வரவில்லை. றகரம் போனவுடன் தறியும் போய்விட்டது, அவ்வளவே.

இன்று அத்தெருக்களில் மீன் அங்காடி உண்டு, அச்சகங்கள் உண்டு, வண்டிகளின் இரைச்சல் உண்டு. ஆயினும் ஒரு தெருவின் முனையில் எம்முடன் வந்த ஒரு சிறுமி நின்றுவிட்டாள். நம் ஊரில் பாவு ஓட்டும் குடும்பத்துப் பெண். அவள் தந்தையார் இக்கூட்டத்தில் இருக்கிறார். "ஐயா, இந்தத் தெரு நம்ம தெரு மாதிரியே நேராக இருக்கிறது. பாவு நீட்டுவதற்காகவே போட்டார்களோ?" என்றாள். பிறகு முனையிலிருந்து காலால் அளந்துகொண்டே நடந்தாள். வழிகாட்டி அவள் பின்னே நடந்தார். அவர் எத்தனையோ முறை எத்தனையோ பேரை அத்தெருவில் அழைத்துச் சென்றிருக்கிறார். "பாவு நீட்டத் தெரு வேண்டும் என்று எனக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை, அம்மா. அதை எப்படிச் செய்வார்கள்?" என்று அச்சிறுமியிடம் கேட்டார். விடியற்காலையில் தெருவின் இரு முனையிலும் கட்டை நட்டுப் பாவை விரித்து, அறுந்த இழையைப் பிணைத்து, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுமுன் சுருட்டவேண்டும் என்பதையெல்லாம் அவள் கைகளை நீட்டிக் காட்டினாள். வழியே சென்ற இருவர் நின்று கேட்டார்கள்.

அத்தெரு உண்மையிற் பாவுக்காகவே நேராக இடப்பட்டதா? அதற்குச் சான்று யான் கண்டேன் அல்லேன், வழிகாட்டியும் காணவில்லை. நேரான தெருவெல்லாம் நெசவாளர் தெரு என்று முடிவு கட்டினால் அது நகைப்புக்கிடமாகும். ஆனால் அவ்வினாவைக் கேட்பதற்குப் பாவு நீட்டிப் பார்த்த கண் வேண்டும். ஏடுகளைக் கற்ற வழிகாட்டிக்கும், பாடம் நடத்தும் எனக்கும் தோன்றாத வினா ஒன்று அக்குழந்தைக்குத் தோன்றியது. பெரியவரே! பேருந்துக் கூலிக்கு யான் காட்டும் முதற் கணக்கு இது.

நிற்க. நடையில் இனியவை மட்டுமே கேட்டோம் என்று எண்ணவேண்டா. அக்காலத்துச் சென்னையில் வலங்கை, இடங்கை என்று குலங்கள் இரு பிரிவாய்ப் பிரிந்து, யார் எத்தெருவில் ஊர்வலம் போகலாம், யார் எக்கொடி பிடிக்கலாம், யார் வீட்டு மணப்பந்தலில் எத்தனை கால் நடலாம் என்று ஓயாது சண்டையிட்டனர். 1652இல் ஒரு கலகம். 1707இல் தாமஸ் பிட் கவர்னராயிருந்தபொழுது அதனினும் பெரிய கலகம். முடிவில் பெத்துநாயக்கன்பேட்டை ஒரு கைக்கும் முத்தியாலுப்பேட்டை மறு கைக்கும் என்று தெருக்களைப் பங்கிட்டார்கள். அதனை ஏலாத வலங்கையார் பலர் ஊரை விட்டுச் சாந்தோமுக்குப் போய்விட்டனர். நெய்வோரில் இரு கையினரும் இருந்தார்கள். இதனைப் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று எம்முடன் வந்த பெற்றோருள் ஒருவர் என் காதில் மெல்லக் கேட்டார். குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நம் சங்கத்தில் இக்கேள்விக்கு நேரே விடை சொல்லவேண்டும். சொல்லத்தான் வேண்டும். முன்னோர் நெய்த துணி உலகம் சென்றது என்று மார் தட்டிக்கொள்ளும் நாம், அவர்கள் தம்முள் அடித்துக்கொண்டதை மட்டும் மறைத்தால், பிள்ளைகள் பிறர் வாயிலாக அதனை அறிவார்கள். அறிந்தபின் நாம் சொன்ன மற்றவற்றையும் நம்பமாட்டார்கள்.

வாணிகத்தைப் பற்றியும் ஒரு செய்தி கேட்டோம். கம்பெனியார் நேரே நெசவாளரிடம் துணி வாங்குவதில்லை. வணிகர் வாயிலாக முன்பணம் கொடுப்பார்கள். நெசவாளன் அதைக்கொண்டு நூல் வாங்கி, நெய்து, துணியாகத் திருப்பவேண்டும். கோட்டையில் துணியைப் பிரித்துப் பார்த்து, தரம் குறைந்ததென்று தள்ளுவார்கள். முன்பணம், தரம் பார்த்தல், கழிவு என்னும் மூன்றையும் கேட்டவுடன் எம்முடன் வந்த பெற்றோர் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்பதை இங்குள்ளார் அறிவர். ஆனால் ஒரு வேற்றுமை இருந்தது. அந்நாளில் நெசவாளனுக்கு ஒப்பந்தம் பிடிக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகும் உரிமை வழக்கத்தில் இருந்தது. பொறுக்கமுடியாத இடத்தில் ஊரே சேர்ந்து தறியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேற்றிடம் போய்விடுவதும் உண்டு. மரத்துண்டுகளும் கயிறுமாய் அமைந்த தறி சுமந்து செல்லத் தக்கதன்றோ? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்டை ஆளும் அதிகாரம் கம்பெனியின் கைக்கு வந்தபின், அவ்வுரிமையைப் படிப்படியாகப் பறித்தார்கள். வாங்குபவனே அரசனாகவும் இருந்தால் விற்பவன் எங்கே போவான்?

கடலுக்கப்பால் நடந்ததும் கேட்கத்தக்கது. நம் நாட்டுப் பருத்தித் துணி இலண்டனிற் குவிந்தபொழுது, அதனால் வயிறு காய்ந்தவர் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் என்னும் பகுதியிலிருந்த நெசவாளர். அவர்கள் நெய்தது என்ன தெரியுமா? பட்டு. 1719இல் அவர்கள் கூட்டங் கூட்டமாய்த் தெருவில் இறங்கி, கலிக்கோ உடுத்திச் சென்ற பெண்களின் ஆடைகளைக் கிழித்தார்கள். முன்னமே 1700இல் ஒரு சட்டம் வந்திருந்தது. 1721இல் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவே கூடாதென்று இன்னொரு சட்டம் இயற்றப்பட்டது. அச்செயலை யான் சரியென்று சொல்லவில்லை. ஆயினும் விசைத்தறிச் சேலையைக் கைத்தறியென்று விற்கும் கடையைக் கடந்து செல்லும்பொழுது நம்மவர் நெஞ்சில் எழும் கொதிப்பை அறிந்த எனக்கு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த அப்பட்டு நெசவாளரை முற்றிலும் அந்நியராக எண்ணமுடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்று எதிர்ப்பக்கம் திரும்பி, லங்காஷயர் ஆலைத் துணி நம் கரையில் வந்திறங்கிய கதையை நீங்கள் அறிவீர்கள்.

மாலையிற் கடற்கரைக்கும் சென்றோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று பிள்ளைகள் செருப்பைத் தொலைத்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். சென்னைக்கு நிகரான வரலாறு ஆரணிக்கு உண்டு என்று மிகைபடச் சொல்ல யான் விரும்பவில்லை. உள்ளதே போதும். 1751 டிசம்பரில் இராபர்ட் கிளைவ் இங்கே போர் புரிந்தார். 1782 ஜூனில் ஐதர் அலியின் படையும் ஐர் கூட்டின் படையும் இங்கே மோதின. மராட்டியர் காலந்தொட்டு இது ஜாகீராக இருந்தது. சத்தியவிசயநகரத்தில் ஜாகீர்தாரின் அரண்மனை பாழடைந்து நிற்கிறது. கோட்டையில் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. கமண்டல நாகநதி, நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருக்கிறது. இவற்றைப் பற்றி எழுதினோர் உண்டு. படைகள் வந்துபோன அந்நாட்களில் நம் தெருக்களில் தறி ஓடிற்றா, நின்றதா, நெய்தவர் எங்கே ஒளிந்தார்கள் என்று எழுதினோரை யான் கண்டிலேன். அந்தப் பையன் கோட்டை வாசலில் கேட்ட கேள்வி ஆரணிக் கோட்டைக்கும் பொருந்துவதுதான்.

அதற்கு விடை தேடும் இடம் நாள்தோறும் குறைந்துவருகிறது. யான் சிறுவனாக இருந்தபொழுது எங்கள் தெருவில் தறிக்குழி இல்லாத வீடு இல்லை. சென்ற தைமாதம் என் பக்கத்து வீட்டில் குழியை மண்ணிட்டுத் தூர்த்து மேலே வழவழப்பான கல் பதித்தார்கள். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். அவனுக்குத் தறி தெரியாது. தெரியவேண்டும் என்று வற்புறுத்தவும் எனக்கு வாய் வரவில்லை, ஏனெனில் யானும் தறியை விட்டு வந்தவனே. ஆனால் அக்குழிக்குப் பக்கத்துச் சுவரில் அவ்வீட்டுத் தாத்தா நெய்து முடித்த சேலைகளுக்குக் கரியால் இட்டிருந்த கோடுகளை, ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகளை, வெள்ளையடித்து மறைத்தபொழுது, அவற்றை ஒரு படமாவது பிடித்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சென்னைக்குப் போய் வந்த பின்னரே தோன்றியது. அதற்குள் சுவர் காய்ந்துவிட்டது.

ஆதலின் என் வேண்டுகோள் இது. வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோட்டை மைதானத்திற் கூடுவோம். கைலாசநாதர் கோயில் வழியாக ஆற்றங்கரை கண்டு, நம் நெசவுத் தெருக்கள் வழியே இரண்டு மணி நேரத்திற்கு மிகாமல் நடப்போம். இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டா. கூட்டம் மிகுந்தால் பின்னே வருபவர்க்குக் காது கேளாது. ஓரிடத்தில் ஐந்து நிமிடத்திற்கு மேல் யானும் பேசமாட்டேன் என்று வாக்களிக்கிறேன்; என் மாணவர்கள் இதை நம்பமாட்டார்கள். வீட்டில் பழைய பத்திரமோ, முதலாளியின் கணக்குப் புத்தகமோ, பாட்டியின் கூறைச் சேலையோ இருந்தால் கொண்டுவாருங்கள். பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு அப்பொழுதே திருப்பித் தருவோம். பிள்ளைகள் கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் இருக்கட்டும். நடந்தே செல்வதால் பேருந்துக் கூலி இல்லை. கல்வி நிதியில் ஒரு காசும் தொடமாட்டோம்.

நடை முடியும் இடம் ஒரு வீட்டுத் திண்ணையாக இருக்கவேண்டும். அங்கே பேசப்போகிறவர் யான் அல்லன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தறியில் அமர்ந்த ஒருவர், இழையைக் கையில் எடுத்துக் காட்டிப் பேசவேண்டும். அதற்கு யான் மனத்தில் எண்ணியிருப்பது முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் பெரியவரைத்தான். முன்னதாக அவர்களைக் கேட்கவில்லை. சபையில் கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்ற துணிவே காரணம். பிழையாயின் பொறுத்தருள்க.

(சொற்பொழிவு முடிந்ததும் அப்பெரியவர் எழுந்து, காலை ஆறு மணிக்குத் தமது தெருவில் பாவு நீட்டும் வேலை இருப்பதாகவும், நடையை அங்கிருந்தே தொடங்கினால் தாம் பேசுவதாகவும் கூறினார்கள். அவ்வாறே மாற்றி அமைக்கப்பட்டது. வர விரும்பும் அங்கத்தினர்கள் சங்க அலுவலகத்திற் பெயர் கொடுக்கவும்.)